சாமையில் எழும்பாத வீடு

உங்கள் அத்தை வீட்டுக்கு நாம் ஏன் மூன்று வருடமாகப் போகவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு பதில் சொன்னேன். பஸ் சரியில்லை என்றேன். அத்தைக்கு லீவு இல்லை என்றேன். பெரியவள் ஒருநாள், "அப்பா, பொய் சொல்றப்பல்லாம் நீ காதைத் தேய்க்கற" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிற கையால் காதைத் தேய்க்க முடியாது. பத்தாவது வரை படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், உள்ளதைத் திருத்த வேண்டாம்.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு புளியமரத்தின் கீழே நின்று அண்ணாந்து ஒரு சுற்று வந்தால், மாசியில் உலுக்கும்போது எத்தனை மூட்டை வரும் என்று சொல்லிவிடுவேன். அரை மூட்டைக்கு மேல் தப்பாது. சாமைக் கொல்லையும் அப்படித்தான். இந்த மலையில் எல்லாருக்கும் ஓரளவு இது வரும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. அவரவர் கொல்லையைப் பார்த்தாலே போதும். ஒருவர் கொல்லையில் எல்லாரும் போய் அறுப்போம், அடுத்த நாள் அடுத்தவர் கொல்லையில். கூலி கிடையாது. அப்படி அறுத்தவனுக்கு எதை மறைக்க முடியும்? எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது. ஒரு வீட்டில் ரெண்டு ஆடு கூட இருக்கும், இன்னொரு வீட்டில் ஒரு மரம் குறைவாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் உங்கள் மாமா வீடு கட்டினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இப்போது பூட்டிக் கிடக்கிறதே, அந்த நீல வீடுதான். தளம் போட்டது, மாடிக்குப் படிக்கட்டு வைத்தது. சுவர் எழும்ப எழும்ப நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய சாமை எனக்குத் தெரியும், நான் அறுத்தது. அவருடைய புளி எனக்குத் தெரியும், நான் உலுக்கினது. ரெண்டையும் சேர்த்தால் அந்தப் படிக்கட்டுகூட வராது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

அவர் வாரக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டார். எங்கே போனீர்கள் மச்சான் என்று கேட்டால் என்னிடம் திருப்பூர் என்றார். பக்கத்துக் கொல்லைக்காரரிடம், நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவரிடம், பெங்களூர் என்றிருக்கிறார். திரும்பி வரும்போது ஊருக்குள் நேராக வரமாட்டார். ஓடையில் இறங்கி, சோப்புப் போட்டு, நகத்தைக் கல்லில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவார். ஒருதடவை நான் பார்த்துவிட்டேன். அவர் நகக்கண்ணில் எல்லாம் செக்கச் செவேலென்று கறை. என்னைப் பார்த்ததும் கையைத் தண்ணிக்குள் விட்டுக்கொண்டார்.

செக்கச் செவேலென்று கறை விடுகிற மரம் எது என்று இந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் செம்மரத்தை வெட்ட ஆந்திரா பக்கம் கூட்டிப்போகிற ஏஜெண்டுகள் எங்கள் ஊருக்கும் வந்து போயிருக்கிறார்கள். போனவர்களில் சிலர் ஜெயிலில் இருந்தார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. வீட்டுச் செலவிலிருந்து சாமையைக் கழித்தேன், புளியைக் கழித்தேன், மீதி திருட்டு மரம் என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள், "உன் தங்கச்சி வூட்டுக்காரரு. நேரா கேளேன்."

"கேட்டா சொல்லிடுவாரா?"

"சொல்லாட்டியும் கேட்டமாதிரி இருக்கும்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அந்த வருடம் கீழேயிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர், நாலைந்து மாணவர்களோடு வந்தார். ஊர் வளர வளர மக்களுடைய வருமானத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு எப்படி மாறுகிறது என்று படிக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். வருமானம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லார் முகமும் மூடிக்கொண்டது. கூடச் சொன்னால் ரேஷன் கார்டில் கை வைப்பார்களோ, குறைத்துச் சொன்னால் பேங்கில் லோன் தரமாட்டார்களோ, யாருக்குத் தெரியும்.

ஒரு மாணவி பெரியப்பாவைக் கேட்டாள். "உங்க வருஷ வருமானம் எவ்வளவு ஐயா?"

"வருமானமே இல்லீங்க."

"அப்ப எப்படி சாப்பிடறீங்க?"

"கையாலதாங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மலை போட்டார். இடது பக்கத்திலிருந்து ஏறி, உச்சிக்குப் போய், வலது பக்கம் இறங்குகிற ஒரு கோடு. "முதல்ல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பாங்க. நாடு வளர ஆரம்பிச்சதும் நிலத்தை விட்டு வேற வேலைக்குப் போறவங்க முந்திக்குவாங்க. இடைவெளி ஏறும். அப்புறம் படிப்பும் வேலையும் எல்லாருக்கும் பரவினா இடைவெளி இறங்கும்னு ஒரு பழைய கருத்து இருக்கு. எல்லா ஊர்லயும் அப்படி நடக்கலை. அதைத்தான் பார்க்க வந்திருக்கோம்" என்றார். நல்ல மனிதராகத்தான் பேசினார். ஆனால் அவர் போட்ட மலையைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அரித்தது.

"சார், நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"ஆலங்காயம் வழியா."

"வளைவு ஏறி முடிச்சதும் இறக்கம் வந்துச்சுங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. மேல சமமா இருக்கு. வயல், ஏரி, ஊர் எல்லாம்."

"அதாங்க சார். கீழ இருந்து பாத்தா மலை ஏறி இறங்கற மாதிரிதான் தெரியும். ஏறினவன் மேலயே வூடு கட்டிகினு உக்காந்துடலாம். அவன் இறங்கித்தான் ஆகணும்னு இன்னா இருக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியருக்கும் அது பிடித்துப்போய், நோட்டில் எழுதினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. அதுதான் வினை.

அவர் கேட்டார், "சரி, உங்க ஊர்ல இடைவெளி எப்ப ஏற ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா?"

பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். "அதோ, நீலமா நிக்குது பாருங்க."

மறுபடி சிரிப்பு. உங்கள் மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் லேசாகச் சிரிக்கத்தான் செய்தார். நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்றேன். "சாமையும் புளியும் வித்து அந்த வூடு எழும்பாதுங்க சார். எந்த மரத்துல எழும்புச்சுன்னு எங்களுக்குத் தெரியும். அந்த மரத்தை வெட்டப் போறவங்கதான் ஒருத்தன்கிட்ட திருப்பூர்னு சொல்வாங்க, இன்னொருத்தன்கிட்ட பெங்களூர்னு சொல்வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் நாள் காலையில் ஒரு பைக்கில் ரெண்டு பேர் வந்தார்கள். யூனிஃபார்ம் இல்லை. மாமாவின் பேரைச் சொல்லி விசாரித்து, கையைத் திருப்பிப் பார்த்து, நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். யார் அவர்களுக்குச் சொன்னது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நோட்டை எழுதினவர்களோ, ஆலங்காயம் டீக்கடையில் பெரியப்பாவின் வாயோ, பஸ்ஸில் எங்களோடு வருகிற யாரோ. மூன்று வருடமாக ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். யார் கொண்டுபோயிருந்தாலும் கொண்டுபோனது என் பேச்சைத்தான்.

உங்கள் அத்தை ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை. "அண்ணா, அவரை எங்க கூட்டிகினு போனாங்கன்னு தெரியல. நீ வந்து விசாரி."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தப்பு செய்யலைன்னா விட்டுடப்போறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. என் முகத்தில் எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு உங்கள் அம்மாவிடம், "அண்ணி, ஒரு துண்டு குடு, புள்ளையைக் கட்டிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். உங்கள் அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நீங்கள் சின்னவர்கள், உங்களுக்கு நினைவிருக்காது.

அடுத்த நாள் மதியம் மாமாவும் அத்தையும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டரில் வயதான பாய் ஒருவர். வாணியம்பாடிக்காரர், வெள்ளைத் தொப்பி, வெயிலில் முகம் சிவந்திருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்தி எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

"இன்னாங்கடா இது, நல்ல மனுசனைப் போய் திருடன்னு சொல்லிகினு. எங்க தோல் ஷாப்புல சாயம் போடறாரு இவரு. ரெண்டு வருசமா இவருக்கு மேஸ்திரி நானு. ஊருக்கு வர்ற நாளைத் தவிர ஒரு நாளு லீவு எடுக்கமாட்டாரு. கையில இருக்கறது தோலுக்குப் போடற சாயம். நான் போலீஸ்ல போய் சொன்னப்புறந்தான் வுட்டாங்க. வேணும்னா வந்து தொட்டிய பாருங்க."

மாதச் சம்பளம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிற சம்பளம். அதோடு அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது, அத்தையின் நகையை வைத்தது. வீடு அப்படித்தான் எழும்பியது. மலைக்குக் கீழே எவ்வளவு பெரிய கொல்லை இருக்கிறது, அதில் மழை பார்க்காமல் என்ன விளைகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. மண்ணில் விளையாதது எல்லாம் எனக்குத் திருட்டாகத் தெரிந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாய் உதவி செய்யத்தான் வந்தார், பாவம். அவர் பேசப் பேச நான் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தேன். முதலில் நிம்மதி வந்தது. தோல் என்ற சொல் விழுந்ததும் வேறு ஒன்று வந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற பெரியப்பா அரை அடி தள்ளி நின்றார். தெரிந்து நகரவில்லை, கால் தானாக நகர்ந்தது. தோலைத் தொடுகிறவன் சாமி காரியத்தில் கை வைக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நாம் காட்டில் பொறுக்கி விற்கிற கடுக்காய் அந்தத் தோல் தொட்டிகளுக்குத்தான் போகிறது, அது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அதற்காகத்தான் மாமா ஆளுக்கொரு ஊர் பேர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் ஓடையில் நகத்தைத் தேய்த்திருக்கிறார்.

அந்த வருடம் ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைத்தபோது பானை இறக்க அவரைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சும்மா கூப்பிடாமல் விட்டார்கள். அதற்கு முந்தின வருடம், பாதி ஊர் அவரை மரத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பானை இறக்கியது அவர்தான்.

தை பிறந்ததும் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆலங்காயத்துக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். அத்தை ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை.

இப்போது ஊர் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். விடியற்காலையில் கம்பெனி வேன் வளைவு வரைக்கும் வருகிறது. பெரியப்பாவின் ரெண்டு மருமகள்களும் அதில்தான் போகிறார்கள். தோலாயிற்றே என்று நான் ஒருநாள் பெரியப்பாவைக் கிளறினேன். "அது ஷூடா தம்பி. தோலு வேற, ஷூ வேற" என்றார். போன வருடம் உங்கள் அம்மாவும் சேர்ந்தாள். நம் வீட்டுக் கூரை ஷீட்டு மாறியது. மாற்றின அன்றைக்கு மாலையே பெரியப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா தம்பி, ஷீட்டு பளபளன்னு கீது. புளி நல்ல விலையா?" என்று கேட்டார். அவர் எதைக் கழித்து எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆமாண்ணே, நல்ல விலை என்றேன். கை காதுக்குப் போய்விட்டது.

அந்த ஆசிரியர் சொன்னது நடக்கிறதா என்று அடிக்கடி யோசிக்கிறேன். எங்களுக்கும் மாமாவுக்கும் உள்ள இடைவெளி குறைந்துதான் போயிருக்கிறது. ஆனால் மேல் ஓரத்தில் நாலு வீடு இருக்கிறதே, வேனில் ஏறிப்போக ஆள் இல்லாத வீடுகள், அவர்களுக்கும் நமக்கும் முன்பு இடைவெளியே இல்லை. இப்போது இருக்கிறது. வாணியம்பாடியில் ஒருமுறை தோல் ஷாப்பு முதலாளி ஒருவர் வீட்டைக் கடந்து போனேன். வீட்டைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தேன். அந்த உயரத்துக்கு என் கண்ணில் கணக்கு இல்லை. அந்த வீடு எதில் எழும்பியது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் எழுந்து நின்று கேட்டதாகத் தெரியவில்லை. நானும் பக்கத்து வீட்டைத்தானே கேட்டேன். இறங்கும் இறங்கும் என்கிறார்கள். இறங்குகிறபோது பார்க்கலாம். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இந்த வருடம் சாமை முற்றி நின்றது. அறுக்க ஆள் இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் வேனில் போய்விட்டார்கள். மழை வேறு கூடிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா சொன்னாள், "ஆலங்காயம் போய் கூப்புடு. இப்பவாவது ஒரு சாக்கு கெடைச்சுதே உனக்கு."

போனேன். மாமாவே கதவைத் திறந்தார். "வாங்க மச்சான், உள்ள வாங்க" என்றார். முன்பெல்லாம் "வாடா மச்சான்" என்பார். அந்த 'வாங்க' என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் விரலில் இப்போதும் கறை இருந்தது, மறைக்கவில்லை.

"மச்சான், அன்னைக்கு பள்ளிக்கூடத்துல நான்..."

"தண்ணி குடிங்க."

குடித்தேன். மறுபடி ஆரம்பித்தேன். "இல்ல மச்சான், அது வந்து..."

"வெயில்ல வந்துகீறீங்க. குடிங்க."

மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். சாமை அறுப்பு என்றுதான் வந்தது. அவர் தலையாட்டினார். "எனக்கு லீவு கெடைக்காதுங்க. ஞாயித்துக்கெழம ஒரு ஆளை அனுப்பறேன். கூலி நானே குடுத்துடறேன், நீங்க ஒண்ணும் தரவேணாம்."

எங்கள் ஊரில் உறவுக்காரன் கொல்லைக்குத் தான் வராமல் கூலி ஆளை அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. உன்னோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு, உறவு இல்லை என்று அர்த்தம். சரிங்க மச்சான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கூலி ஆள் யாரும் வரவில்லை. அத்தை வந்தாள். சொந்த அரிவாளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். நீங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டீர்கள். மாமாதான் அனுப்பினாரா, அவருக்குத் தெரியாமல் வந்தாளா, எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. நான் ஒரு கோடியில் அறுத்தேன், அவள் மறுகோடியில்.

கொல்லை ஓரத்துப் புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அண்ணாந்து பார்த்தாள். காய் பச்சையாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. "இந்த வருசம் எத்தினி மூட்டை வரும்?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

நானும் பார்த்தேன். பார்த்த உடனே கண் சொல்லிவிட்டது. "தெரியலம்மா. உலுக்கினாத்தான் தெரியும்" என்றேன்.

"உனக்கா தெரியாது?"

"தெரியல."

அவள் கை கழுவி, அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "காதுல இருந்து கைய எடு" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தாள்.

மாலையில் பஸ் ஏறும்போது, "புள்ளைங்கள அரையாண்டு லீவுக்கு அனுப்பு" என்றாள். உங்களைத்தான் அனுப்பச் சொன்னாள். நீயும் வா என்று சொல்லவில்லை. விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டாளா என்று ஒரு வாரமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இனி எதையும் நானாகக் கழித்துப் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்று இருக்கிறேன்.

நீங்கள் போங்கள். போகும்போது இந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் மாமா கையில் கொடுங்கள். இதை நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்ல அவரால் முடியாது.